பிடிலை நம் மண்ணுக்குப் பழக்கியவர்

வயலினுக்கு வடிவம் வகுத்தோருள் முதன்மையானோர் இத்தாலியின் கிரெமோனா நகரத்துக் கைவினைஞர்கள். அவர்களுள் தலைசிறந்த ஸ்ட்ராடிவாரி 1737இல் மறைந்தார். மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ், அடிப்பலகைக்கு மேப்பிள் என அவர்கள் கொண்ட மரபு இன்றும் தொடர்கிறது. அம்மரத்தில் உளி படாமலே அக்கருவியை நம் இசைக்கு உரியதாக்கும் பணியைத் தொடங்கி வைத்தவர் பாலுசாமி தீட்சிதர்.

1786இல், இராமசாமி தீட்சிதரின் இளைய மகனாகப் பிறந்தவர். முத்துசாமி தீட்சிதர் இவர்தம் தமையனார். சென்னையை அடுத்த மணலியில் முதலியார் ஆதரவில் அக்குடும்பம் வாழ்ந்தபோது, கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு இசைப்பதைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. முத்துசாமி அவ்வர்ணமெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். பாலுசாமியோ கருவியையே கற்கத் துணிந்து, ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பயின்றார்.

கற்றதை அவ்வாறே வாசித்திருந்தால் அவர் நல்ல மாணவராக மட்டுமே நின்றிருப்பார். மேலைநாட்டார் நான்கு தந்திகளையும் ஐந்தாம் சுர இடைவெளியில் கூட்டுவர்; கருவியைத் தோளில் தாங்குவர். நம் இசையோ ஆதார சட்சத்தில் நிற்பது. கமகத்தை உயிராகக் கொண்டது. அவர் தொடங்கிய வழியில் ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டுதலும், தரையில் அமர்ந்து கருவியின் தலையை வலக்கால்மீது ஊன்றுதலும் காலப்போக்கில் நிலைபெற்றன. தாங்கும் சுமை நீங்கிய இடக்கை, தந்தியில் தடையின்றி இழையலாயிற்று. வீணைக்குரிய மெட்டுகள் இல்லாத பலகை அதற்கு இடந்தந்தது.

தந்தையார் 1817இல் மறைந்தபின், பாலுசாமியும் நடு அண்ணன் சின்னசாமியும் தென்திசை சென்றனர். மதுரையில் சின்னசாமி காலமானார். துணையிழந்து, கைக்கருவியே உறவாக நின்ற பாலுசாமியை எட்டயபுரம் சமஸ்தானம் ஆதரித்தது. செய்தியறிந்து மதுரைக்குத் தேடி வந்த முத்துசாமி, தம்பி இருக்குமிடம் கேட்டுக் கரிசல் மண்ணைச் சென்றடைந்தார். 1835இல் எட்டயபுரத்திலேயே மறைந்தார்.

பாலுசாமி 1859இல் மறைந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியே முத்துசாமியின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் காத்தளித்தது. தம்பி எட்டயபுரத்தில் ஊன்றிய வேர், தமையனின் படைப்புக்கு அரணாயிற்று.

இன்று வயலினின்றிக் கச்சேரி அமைவது அரிது; அதை அயல்நாட்டுக் கருவியென எண்ணுவாரும் அரியர். புதுவடிவங்களைக் கைக்கொள்ளும் கவிஞர்க்கும் பாலுசாமியின் வாழ்வு உணர்த்துவது இதுவே: வடிவம் எங்கிருந்தும் வரலாம், அதன் சுருதியை நாம்தாம் கூட்டவேண்டும்.