ஊருக்கு நாடி பார்த்தவர்

டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயரை வைத்து ஷீட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு நேர்க்கோடு போட நமக்கு எவ்வளவு நேரமாகும்? அஞ்சு விநாடி! அந்தக் கோடு நிஜமாகவே ரோடாக மாறினால் எத்தனை வீடு இடிபடும், எத்தனை கிணறு தூர்ந்து போகும், எத்தனை குடும்பம் மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்கும்? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைத் தேடி நம்ம தஞ்சாவூர் சந்துகளில் நடந்து திரிந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பெயர் பாட்ரிக் கெடிஸ். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டடம், பசுமை நகரம் என்று இன்று ஆலோசகர்களை வைத்து விதிமுறை எழுதுகிறார்களே, அந்த வேலையை அந்தப் பெயர் வருவதற்கு முன்பே செய்து காட்டியவர்.

பட்டம் இல்லாத பேராசிரியர்

1854 அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பல்லட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். லண்டனில் ஹக்ஸ்லி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியிடம் உயிரியல் படித்தார் கெடிஸ். ஆனால் பரீட்சை எழுதிப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. (நாம் இதைப் பின்பற்ற வேண்டாம்!) 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க வேண்டிய நிலை. பார்வை திரும்பியது, ஆனால் மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்க்கும் வேலை இனி முடியாது. வேறு யாராக இருந்தாலும் உடைந்து போயிருப்பார்கள். இவரோ பூச்சியையும் பாசியையும் பார்த்த அதே கண்ணோடு ஊரைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு செடிக்கு மண், தண்ணீர், வெயில் எப்படியோ, அப்படித்தான் மனிதனுக்கு அவன் இடமும் தொழிலும் அக்கம்பக்கமும் என்பது அவர் கண்ட உண்மை. 1888-ல் டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

குப்பைத் தெருவில் குடித்தனம்

1886-ல் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். புது மாப்பிள்ளை எங்கே வீடு பார்த்தார் தெரியுமா? எடின்பரோ நகரின் பழைய பகுதியில், ஜேம்ஸ் கோர்ட் என்ற இடிந்து நாறிக் கிடந்த குடியிருப்பில்! கணவனும் மனைவியும் தாங்களே சுண்ணாம்பு அடித்தார்கள், பெருக்கினார்கள், ஜன்னலோரம் பூச்செடி வைத்தார்கள். வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை கொடுத்தார்கள். பாழடைந்த கட்டடங்களை இடிக்காமல் ரிப்பேர் செய்து மீண்டும் குடியேற்றும் வேலை அங்கேதான் ஆரம்பம். 1887-ல் அப்படிப் புதுப்பித்த வீடுகளில் மாணவர் விடுதி ஒன்று தொடங்கினார். வார்டன் கிடையாது, மாணவர்களே நடத்தும் விடுதி. நம்ம ஹாஸ்டல் நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது!

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகர அமைப்பைப் பற்றி வரைபடங்களும் படங்களும் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி வைத்திருந்தார் கெடிஸ். 1913-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அதற்குப் பரிசு கிடைத்தது. சென்னை மாகாண கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு அதோடு வரும்படி அவரை அழைத்தார். 1914-ல் அவர் ஒரு கப்பலிலும் கண்காட்சிப் பெட்டிகள் வேறொரு கப்பலிலும் புறப்பட்டன. சென்னை மீது குண்டு வீசிய எம்டனை நம் பாட்டிமார் மறக்கவே இல்லை. அதே எம்டன்தான் பெட்டிகள் வந்த கிளான் கிராண்ட் கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. பல வருஷ உழைப்பு ஒரே நாளில் போச்சு! அறுபது வயதில் மனிதர் தலையில் கை வைத்து உட்காரவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சியைத் திறந்துவிட்டார்.

தஞ்சாவூரில் நடந்த சிகிச்சை

பிறகு மதுரை, தஞ்சாவூர், பெல்லாரி என்று மாகாணத்தின் ஊர் ஊராகப் போனார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலும் சுகாதாரக் கேடும் இருந்தது. அதற்குத் தயாராக இருந்த திட்டம், சதுரங்கக் கட்டம் போல நேர் ரோடுகளை வெட்டுவது. கெடிஸ் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எது இடிந்தே கிடக்கிறது, எங்கே காலி மனை, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே கோயில் என்று குறித்தார். குறித்து முடித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. புது ரோடே தேவையில்லை! பாழான சில வீடுகளை மட்டும் எடுத்து, அந்த இடத்தையும் காலி மனைகளையும் சேர்த்துச் சின்னச் சின்ன திறந்தவெளிகள் ஆக்கி, மரம் வைத்து, சந்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் எல்லா வீட்டுக்கும் காற்று வரும். செலவும் குறைவு, வீடிழப்போரும் குறைவு.

இதற்கு அவர் வைத்த பெயர் கன்சர்வேடிவ் சர்ஜரி. காலில் புண் என்றால் காலையே வெட்டாமல் புண்ணை மட்டும் ஆற்றும் வைத்தியம். காரணத்தையும் தெளிவாக எடுத்துச் சொன்னார். இடிக்கப்பட்ட வீட்டுக்காரன் காற்றில் கரைந்து விடுவதில்லை. பக்கத்துத் தெருவில் போய் நெருக்கியடித்துக் குடியேறுவான், அங்கே வாடகை ஏறும், அங்கே புதுச் சேரி உருவாகும். நோய் தீரவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

குளங்களைப் பற்றியும் இப்படித்தான். கொசு வருகிறது என்று குளத்தைத் தூர்க்கக் கிளம்பியவர்களிடம், மீனும் வாத்தும் விடுங்கள், அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றார். குளம் வெப்பத்தைத் தணிக்கும், மழை வெள்ளத்தைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. ஏரிகளை பிளாட் போட்டுவிட்டு 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

ஒரு நாள் ராஜா

இந்தூரில் பிளேக் பரவியிருந்த காலம். தீபாவளி ஊர்வலத்தைப் பொறுப்பேற்று நடத்த ஒரு நாள் அதிகாரம் கேட்டு வாங்கினார் கெடிஸ். எந்தத் தெருக்காரர்கள் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! ஊரே விளக்குமாற்றைத் தூக்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் பிளேக்கின் உருவமாக ஒரு ராட்சத எலியும் வந்தது. 1918-ல் இந்தூருக்கு அவர் தந்த அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகள்.

அதற்கு முந்தைய வருஷம்தான் அவருக்கு இடி விழுந்த வருஷம். 1917-ல் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சில் போர்முனையில் இறந்தான். செய்தி வந்தபோது அன்னா கல்கத்தாவில் நோயாகப் படுக்கையில். அவரிடம் சொல்ல கெடிஸுக்கு மனம் வரவில்லை. மகன் போனது தெரியாமலே அந்த அம்மா கண்ணை மூடினார். கெடிஸ் வேலையை விடவில்லை.

அறிக்கைகள் என்ன ஆயின?

இந்தியாவில் ஏறத்தாழ ஐம்பது ஊர்களுக்கு ஆலோசனை தந்தார். 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1921-ல் கொழும்புக்கு ஒரு திட்டம், 1925-ல் டெல் அவிவ் நகருக்கு ஒரு திட்டம். டெல் அவிவ் பெரும்பாலும் அந்தத் திட்டப்படியே வளர்ந்தது. ஆனால் நம் நாட்டு அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியிலேயே தூங்கின. குறை அவரிடமும் உண்டு. வளவளவென்று எழுதுவார், என்ஜினீயர்களைச் சாடுவார். கேட்பவர் பொறுமை இழந்ததில் ஆச்சரியமில்லை. 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் 17-ல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் காலமானார்.

நண்பர்களே! நாளை நாம் ஓவர்சியராகவோ டிராப்ட்ஸ்மேனாகவோ போகும் இடத்தில் விதிப் புத்தகம் இருக்கும். மின்சிக்கனக் கட்டட விதி 2007-ல் வந்தது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். விதி இருப்பது நல்லதுதான். ஆனால் களிமண்ணில் வெட்டிய குழியும் மணலில் வெட்டிய குழியும் ஒரே மாதிரி தண்ணீர் குடிக்குமா? டைப் டிசைன் ஷீட்டை அப்படியே காப்பி அடித்தால் குழி இருக்கும், சர்டிபிகேட் இருக்கும், தண்ணீர் மட்டும் உள்ளே இறங்காது. சைட்டுக்குப் போய் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஆள் பெரும்பாலும் டிப்ளமோக்காரன்தான். கெடிஸ் செய்த வேலையில் முதல் பாதி, நடந்து பார்த்துக் குறிப்பது, நம் கையில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய பட்டம் வேண்டாம், அவருக்கும் இருக்கவில்லை. செருப்பு மட்டும் நல்லதாக வாங்கி வைத்துக்கொள்வோம்!