மே தினத்தில் செங்கொடி ஏற்றிய வழக்கறிஞர்: யார் இந்த சிங்காரவேலர்?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கமிருந்து பாரிமுனைக்கு வருபவர்களுக்கு ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் நன்றாகத் தெரியும். அந்தக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. யார் அவர்?

குப்பத்திலிருந்து கோர்ட்டுக்கு

மயிலாப்பூர் சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18-ல் சென்னை அயோத்தியா குப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்து உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஆனார். நல்ல வருமானம். ஆனால் 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் கவுனை எரித்துவிட்டு தொழிலையே விட்டுவிட்டார். அதே ஆண்டு பெரம்பூர் பின்னி ஆலையில் பெரிய வேலைநிறுத்தம். அவர் தொழிலாளர்கள் பக்கம் நின்றார்.

1923-ல் என்ன நடந்தது?

மே 1 அன்று உயர் நீதிமன்றம் எதிரே இருந்த கடற்கரையிலும், திருவல்லிக்கேணி கடற்கரையிலும் மே தினக் கூட்டங்களை நடத்தினார். இந்தியாவின் முதல் மே தினம் இதுதான். செங்கொடி ஏற்றப்பட்டது. மே 1-ஐ விடுமுறையாக்கும்படி அரசிடம் கேட்கப்பட்டது. இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியும் அன்றுதான் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 63.

பத்திரிகை எதற்கு?

கூட்டம் போட்டால் மட்டும் போதாது, நாட்டு நடப்பைத் தொழிலாளி தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெஜட்' என இரண்டு பத்திரிகைகளை நடத்தினார். 1930-களில் பெரியாரின் 'குடி அரசு' இதழில் அறிவியல், பொருளாதாரம், உலக அரசியல் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1935-ல் 'புது உலகம்' இதழைத் தொடங்கினார். இன்றைய மொழியில் சொன்னால், அவர் அந்தக் காலத்து எக்ஸ்ப்ளெய்னர் எழுத்தாளர்.

விலை என்ன?

1924-ல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 68 வயதில் கைதான அவர், 1930-ல் விடுதலையானார். 1946 பிப்ரவரி 11-ல் மறைந்தார்.

இன்று ஏன் முக்கியம்?

2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்த தேதி மே 1. சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி சரியாக 100 ஆண்டுகள்.

எண்ணூரில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும், ஐடி கம்பெனியில் லாகின் செய்பவருக்கும் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? சட்டம் மாறும்போது அந்தச் செய்தியைத் தலைப்போடு நிறுத்தாமல் முழுசா படிக்கணும். தொழிலாளியின் கையில் சிங்காரவேலர் பத்திரிகையைக் கொடுத்தது அதற்காகத்தான்.