ஐந்து அங்கங்களில் ஒரு கதை

தமிழ்நாட்டு அரசு விழாக்களில் முதலாவதாகப் பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றியவர், நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தில் பணிபுரிந்த ஒரு பேராசிரியர். அவர் பெயர் பெ. சுந்தரம் பிள்ளை.

அவர் 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். உங்களைப் போலவே மலையாள மண்ணில் வளர்ந்துகொண்டு தமிழ் பயின்றவர் அவர். தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். திருநெல்வேலியில் சில காலம் கல்விப்பணி ஆற்றியபின், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். தம் ஆசிரியர் ஹார்வியின்மீது கொண்ட அன்பினால், பேரூர்க்கடைப் பகுதியில் அமைத்த இல்லத்திற்கு ஹார்விபுரம் எனப் பெயரிட்டார்.

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுக்கப்பட்டது நம் மொழி. ஆயினும், வடமொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ளவை போன்று அங்கம் அங்கமாகப் பிரித்து எழுதப்பட்ட நாடக இலக்கியம் அக்காலத் தமிழில் அரிதாகவே இருந்தது. கூத்துகள் உண்டு, கீர்த்தனை நாடகங்களும் உண்டு. அவற்றில் கதையைப் பாட்டே நடத்திச் சென்றது. இக்குறை சுந்தரனாரை வருத்தியது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவி, 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். தமிழ்த்தாய் வாழ்த்து இந்நூலின் பாயிரத்தில் உள்ளது.

களம் என்பது ஓரிடத்தில் நிகழும் காட்சி. களங்கள் பல சேர்ந்து கதை ஒரு திருப்பத்தை அடைகையில் அங்கம் நிறைவுறும். மனோன்மணீயத்தில் ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் உள்ளன. சிறிய கதைக்கு இத்தனை பிரிவுகள் எதற்கு?

முதல் அங்கத்தைப் பாருங்கள். பாண்டியன் சீவகன், வஞ்சக அமைச்சன் குடிலன் சொற்கேட்டு மதுரையை விட்டு நெல்லையில் புதுக்கோட்டை கட்டுகிறான். குலகுருவான சுந்தர முனிவர் அங்கே ஓர் அறையை மட்டும் கேட்டுப் பெறுகிறார். மன்னன் மகள் மனோன்மணி, முன்பின் அறியாத ஒருவனைக் கனவில் காண்கிறாள். அறையும் கனவும் அப்போது சிறு செய்திகளாகவே தோன்றும். இரண்டாம் அங்கத்தில் கதை திருவனந்தபுரத்திற்கே வருகிறது! மணம் பேசத் தூது வந்த குடிலனின் மகன் பலதேவன், சேர மன்னன் புருடோத்தமன் அவையில் செருக்குடன் பேசிப் போரை மூட்டுகிறான். நான்காம் அங்கத்தில் பாண்டியன் தோற்கிறான். மகளைப் பலதேவனுக்கே மணமுடிக்கத் துணிகிறான்.

முனிவர் கேட்ட அறையிலிருந்து கோட்டைக்கு வெளியே ஒரு சுருங்கை, அதாவது நிலத்தடி வழி, தோண்டப்பட்டிருந்தது. ஐந்தாம் அங்கத்தில் அது குடிலன் கண்ணில் படுகிறது. அரசனைக் காட்டிக்கொடுக்க எண்ணி, அவ்வழியைப் பகைவனாகிய சேரனுக்கு அறிவிக்கிறான். நள்ளிரவில் மணச்சடங்கு நிகழும் இடத்தில் புருடோத்தமன் வந்து நிற்கிறான். மனோன்மணி கனவில் கண்டவன் அவனே! மாலை அவன் கழுத்தில் விழுகிறது. முதல் அங்கத்தில் இட்ட இரு வித்துகளும் ஒரே களத்தில் விளைகின்றன.

நடுவில் வரும் சிவகாமி சரிதம் என்னும் கிளைக்கதையும் தத்துவ உரையாடல்களும் கதையின் விரைவைக் குறைக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. தத்துவப் பேராசிரியர் எழுதிய நாடகம் அல்லவா! மேடையைவிடப் படிப்பதற்கே அது மிகவும் ஏற்றது.

சுந்தரனார் வரலாற்று ஆய்விலும் ஈடுபட்டார். திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து எழுதினார். 1897இல், தம் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் பாடிய வாழ்த்தைத் தமிழ்நாடு அரசு 1970இல் ஏற்றுக்கொண்டது. நெல்லையில் உள்ள பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிந்தித்து எழுதுக: முனிவர் அறை கேட்கும் செய்தி முதல் அங்கத்தில் இடம்பெறாது, சுருங்கை ஐந்தாம் அங்கத்தில் திடீரெனத் தோன்றியிருந்தால், கதையைப் படிக்கும் உங்களுக்கு எவ்வாறு இருந்திருக்கும்?