மண்ணின் கணக்கர் குமரப்பா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல் மாணவர்)

மண்ணில் பிறந்தோர் பலர்; மண்ணைப் போற்றியோர் சிலர்; மண்ணுக்கு மனிதன் பட்ட கடனைக் கணக்கிட்டுக் காட்டியவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் தமிழகம் ஈன்ற ஜே.சி.குமரப்பா. காந்தியப் பொருளியல் அறிஞர் என்றே அவரை நாடு அறியும். இயற்கையில் சத்துகள் சுழன்று வரும் உண்மையைப் பொருளாதாரத்தின் அடிப்படையாக வைத்தவர் என்ற முறையில், அறிவியல் பயிலும் நாமும் அவரை அறிதல் வேண்டும்.

இளமையும் கல்வியும்

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது அவரது பெயர். லண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்றார்; திரும்பி வந்து பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடையும் நடையுமாக வளமாக வாழ்ந்த காலம் அது.

1927இல் அமெரிக்கா சென்று சிராகூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். இந்தியாவின் வரிப்பணம் எங்கே போகிறது என்பதை அங்கே ஆராய்ந்தார். மக்களிடமிருந்து எடுப்பது மிகுதி, மக்களுக்குத் திரும்புவது குறைவு. வறுமைக்குக் காரணம் இதுவே என்று கண்டார். 1929இல் தாயகம் திரும்பி, சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போயின, கதர் வந்தது. முன்னோர் பெயரான குமரப்பாவும் நிலைத்தது.

மகன்வாடியில் தொண்டு

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்து ஊர்களைக் குமரப்பா ஆராய்ந்தார். ஏட்டில் இருந்த பொருளியல் அங்கே ஏழையின் வீட்டுக்கு வந்தது. 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் தலைமையிடம். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு எனப் பல தொழில்கள் அங்கே புத்துயிர் பெற்றன.

அங்கே மலக்கழிவும் வீணாகாமல் மண்ணிலிட்டு மக்க வைத்து எருவாக்கப்பட்டது. ஒரு சாராரின் தலையில் மட்டும் அந்த வேலையைச் சுமத்தி, அவர்களைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய நாடு இது. அந்த நாட்டில், லண்டனில் படித்த தணிக்கையாளர் அதைத் தம் வேலையாகவும் எண்ணியது சிறிய செயலன்று. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் குப்பையையும் சாணத்தையும் முறைப்படி மக்க வைக்கும் வழியை ஆராய்ந்து 1931இல் நூலாக வெளியிட்டிருந்தார். அவ்வறிவும் காந்தியத் தொண்டர்களுக்குத் துணையாயிற்று.

எண்ணெய் வித்தின் கணக்கு

எண்ணெய் வித்துகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைக் குமரப்பா எதிர்த்தார். எண்ணெயோடு பிண்ணாக்கும் போய்விடுகிறது. மாட்டுக்குத் தீனியும் நிலத்துக்கு உரமும் போய்விடுகின்றன என்பது அவர் வாதம்.

நம் வேதியியல் அறிவைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம். எண்ணெயில் இருப்பவை கரியும், ஹைட்ரஜனும், ஆக்சிஜனும். இவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் செடி பெற்றவை. மண்ணுக்கு இதில் இழப்பில்லை. மண்ணிலிருந்து செடி உறிஞ்சிய மணிச்சத்தும் சாம்பல் சத்தும், வேர்முடிச்சுப் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்துத் தந்த தழைச்சத்தும் பெரும்பாலும் பிண்ணாக்கிலே தங்குகின்றன. ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக்காட்டில் விளைந்த கடலையை ஊர்ச் செக்கில் ஆட்டினால், எண்ணெய் அடுப்படிக்குப் போகும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். சாணம் அதே காட்டுக்குத் திரும்பும். வட்டம் நிறைவுறும். கடலையை மூட்டையாகவே விற்றுவிட்டால், மூட்டையோடு நிலத்தின் முதலும் போகிறது.

சிறையில் மலர்ந்த நூல்

1942 போராட்டக் காலத்தில் கைதாகி ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் ஆங்கில நூலைக் குமரப்பா எழுதினார். 1945இல் காந்தியடிகளின் முன்னுரையோடு அது வெளிவந்தது. கொன்று தின்னும் புலி, தோப்பில் புகுந்து பழத்தைப் பறித்துப் போகும் குரங்கு, தேனை எடுத்துக்கொண்டு மகரந்தச் சேர்க்கையைச் செய்து கொடுக்கும் தேனீ என உயிர்களைக் கொண்டே பொருளாதார முறைகளை அதில் அவர் விளக்கினார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேங்கிய நீர்போல எடுக்க எடுக்கத் தீர்பவை; காடும் பயிரும் ஓடும் ஆறுபோல மீண்டும் மீண்டும் வருபவை என்றும் வகுத்தார்.

சூழலியல் பாடமும் இதையே சொல்கிறது. கதிரவனின் ஆற்றல் உயிரினங்கள் வழியே ஒருமுறை பாய்ந்து வெப்பமாகி மறைகிறது. சத்துகளோ இலையாக, உணவாக, எருவாக, மண்ணாக மாறிச் சுழல்கின்றன. அச்சுழற்சியை நடத்துபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

இறுதிக் காலம்

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை தந்தார். டிராக்டரும் இரசாயன உரமும் பெருகினால் காளையும் எருவும் அருகும் என்று எச்சரித்தார். பதவி நாடாமல், மணம் புரியாமல், கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, அவர் வாழ்வு நிறைவுற்றது.

நாம் கற்க வேண்டியது

அவர் சொன்ன யாவும் அப்படியே நடந்தன எனல் பொருந்தாது. அவர் மறைந்த சில ஆண்டுகளில் பசுமைப் புரட்சி வந்தது; புதிய விதைகளும் உரமும் நாட்டின் பசியைத் தணித்தன. ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய அந்த அளவு உண்டு. உழவன் அதை நாடுவதில் வியப்பென்ன? ஆயினும் யூரியா தருவது தழைச்சத்து மட்டுமே. மணிச்சத்துக்குக் காற்றில் இருப்பில்லை. அது பாறையிலிருந்து வர வேண்டும். சாம்பல் சத்து உரத்தையோ நாம் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் இறக்குமதி செய்கிறோம்.

நம் புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கோடையில் கண்மாய் வண்டலை வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவதும், கீதாரியிடம் பேசி அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதும், கொழிஞ்சித் தழையை மிதித்து உழுவதும் நம் பெரியோர் வழக்கம். என் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் செய்துவந்த இவ்வேலைகளுக்கே சத்துச் சுழற்சி என்று பெயர் என்பதை இங்கு வந்த பின்தான் அறிந்தேன். இன்று எங்கள் தொழுவில் மாடு இல்லை, குப்பைக்குழியும் தூர்ந்துவிட்டது. மூட்டை உரத்தை நம்பியே விதைக்கிறோம்.

நண்பர்களே! நம்மில் பலரை நம் பெற்றோர் படிக்க அனுப்பியதே, சாணக்கூடை நம் தலைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான். அந்த அன்பை நாம் மதிப்போம். ஆனால் கூடையைச் சுமந்த அறிவை இழிவென எண்ண வேண்டாம். கூடை சுமக்கும் பாரத்தைக் குறைப்பதும், எரு வயலுக்குத் திரும்பும் வழியைக் காப்பதும் படித்த நம் கடமை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத வீட்டை ஊர் மதிப்பதில்லை, மண்ணும் அப்படியே.

வாழ்க குமரப்பாவின் புகழ்! வளர்க நம் மண்ணின் வளம்!