பிறேசர் அதிபரும் தாய்மொழி வழி ஆங்கிலமும்

குருநாகலிலிருந்து கலகெதர வழியாகக் கண்டிமாநகருக்கு ஏறும் வீதி வரலாறு கண்ட வீதியாகும். 1803ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் படை கண்டியை நோக்கி வந்தபொழுது, கலகெதரயிலிருந்த காவற்கோட்டையைக் கைப்பற்றிய பின்னரே அப்பாற் செல்ல முடிந்தது. அப்படையெடுப்பு அவ்வாண்டிலேயே பெருந்தோல்வியில் முடிந்தது. 1815இலேதான் கண்டியரசு வீழ்ந்தது. படை சென்ற வழியே பின்னர் மொழியும் சென்றது. கோல்புறூக்கு ஆணைக்குழுவின் காலந்தொட்டு அரசாங்க உத்தியோகத்திற்கு ஆங்கிலமே திறவுகோலாயிற்று. கலகெதர போன்ற ஊர்களிற் பிறந்த சிறுவன் தன் ஊர்ப் பாடசாலையிலே தாய்மொழியை மாத்திரம் கற்றான். வசதியுள்ளவன் கண்டிக்குச் சென்று ஆங்கிலத்தை மாத்திரம் கற்றான். ஒருவனுக்கு உத்தியோகம் இல்லை. மற்றவனுக்குத் தன் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது.

இந்தக் கேட்டினைக் கண்ணுற்று, ஆங்கிலக் கல்லூரியொன்றினுள்ளே தாய்மொழிக்கு ஆசனமளித்தவர் அலெக்சாந்தர் கார்டன் பிறேசர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை இருபது ஆண்டுகள் கடமையாற்றியவர்.

பிறேசர் 1873ஆம் ஆண்டிலே பிறந்தார். தந்தையார் சேர் அன்ட்றூ பிறேசர் இந்திய சிவில் சேவையிற் பணிபுரிந்து, வங்காள மாகாணத்தின் துணை ஆளுநராக உயர்ந்தவர். மைந்தரோ ஆட்சிப் பணியை நாடாது, ஒக்ஸ்போட்டிற் கற்றுத் தேறியபின் சர்ச் மிஷன் சங்கத்திற் சேர்ந்து உகண்டா சென்றார். அங்கு சில ஆண்டுகள் தொண்டாற்றிவிட்டுக் கண்டிக்கு வந்தபொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளின் நிலையை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தோர் நம்மிற் பலர். கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இலங்கையில் ஆரம்பமாயின. அவற்றில் தேறுவதே கல்வியின் முடிவெனக் கருதப்பட்டது. பள்ளி எல்லைக்குள் தாய்மொழி பேசினால் தண்டம் விதித்த பாடசாலைகளும் உண்டு. மாணவன் ஆங்கில இலக்கண விதிகளை ஆங்கிலத்திலேயே மனனஞ் செய்தான். வாக்கியத்தைக் கூறு கூறாகப் பிரித்துப் பெயரிட்டான். ஆனால் தான் கண்ட ஒரு காட்சியைப் பத்து வரியில் எழுதச் சொன்னால் புத்தகத்திற் படித்த சொற்றொடர்களையே அடுக்கினான். கிளி கூட்டுக்குள் இருந்து பேசுவதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

பிறேசர் கண்ட உண்மை இதுதான்: தாய்மொழியிலே தெளிவாகச் சிந்தியாதவன் பிறமொழியிலே தெளிவாக எழுத மாட்டான், தன் மக்களின் மொழியறியாதவன் எத்துணைக் கற்றாலும் அம்மக்களுக்குத் தலைவனாகான். இவ்வெண்ணத்தை மேடைப் பேச்சோடு விட்டுவிடாது, சிங்களத்தையும் தமிழையும் தம் கல்லூரியின் பாடத்திட்டத்திலே சேர்த்தார். ஆங்கிலத்துக்காகவே பணங்கட்டிப் பிள்ளையை அனுப்பிய பெற்றாருக்கு இஃது எளிதில் விளங்கக்கூடியதன்று. வீட்டிலே இலவசமாகக் கிடைக்கும் மொழிக்குக் கல்லூரியில் ஏன் கட்டணம் என்று வினவுவோர் எக்காலத்தும் இருப்பர்.

விடையை இலக்கணமே தருகின்றது. ஆசிரியராயுள்ளோர் இதனை நாள்தோறும் வகுப்பிற் காணலாம். தமிழிலே வேற்றுமையுருபு பெயரின் பின்னே வரும். ஆங்கிலத்திலே அவ்வேலையைச் செய்யும் சொல் பெயரின் முன்னே நிற்கும். நேற்று வந்த பையன் என நாம் பெயரெச்சத்தை முன்வைக்கிறோம். அவர்களோ பையனை முதலிற் கூறி, அவன் நேற்று வந்ததைப் பின்னே தொடுக்கின்றனர். எனக்குத் தெரியும் என்று நான்காம் வேற்றுமையிலே நாம் சொல்வதை அவர்கள் எழுவாயாக்கிச் சொல்கின்றனர். பயனிலை எழுவாயின் திணை, பால், எண், இடங்களோடு இயைய வேண்டும் என்று தன் மொழியிலே தெளிந்த பிள்ளை, ஆங்கில நிகழ்கால வினையின் ஈற்றிலே படர்க்கை ஒருமைக்கு மாத்திரம் ஓர் எஸ் எழுத்துச் சேர்வதைக் கண்டு திகைக்காது. தன் மொழியில் முழுதாக உள்ள இயைபின் எச்சமே அதுவென உடனே பிடித்துக்கொள்ளும். தன் மொழியின் அமைப்பை அறியாத பிள்ளைக்கோ அது காரணமற்ற ஒரு கட்டளை. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். பெயருக்கு முன் வரும் ஏ, தி என்னும் சுட்டுச் சொற்கள் மட்டும் தமிழிலே நேரான துணையில்லாதவை. அவற்றைப் படித்தும் எழுதியும் திருத்தப்பெற்றுமே பழக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

பிறேசர் இலக்கண நூல் எழுதியவரல்லர். இப்பாடங்களை அவர் இவ்வாறே நடத்தினார் என்றும் நாம் கூறவில்லை. இப்படி நடத்துவதற்கு இடமுண்டாக்கியவர் அவர் என்பதே நம் கருத்து.

இந்துக் கல்லூரி மலரிலே ஒரு கிறித்தவக் குருவின் சரிதம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். அவர் சார்ந்த சங்கத்தின் நோக்கம் மதமாற்றமே, அதனை மறைப்பதற்கில்லை. நம் முன்னோர் இந்துக் கல்லூரிகளைத் தோற்றுவித்ததும் அது காரணமாகவே. திரித்துவக் கல்லூரியாகப் பின்னர் பெயர் பெற்ற பாடசாலை நிலைபெற்றது 1872இல். அதே ஆண்டிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார்கள். பாதிரிமாரின் பள்ளியில் ஆங்கிலங் கற்று, அங்கேயே கற்பித்தும் இருந்த நாவலர், சைவப் பிள்ளைகளும் தம் சமயத்தையும் தமிழையும் இழவாது ஆங்கிலம் பெற வேண்டுமென விரும்பினார்கள். பாலபாடங்களும் இலக்கணச் சுருக்கமும் தந்த அப்பெரியாரின் ஆங்கிலப் பள்ளி பொருளுதவியின்மையால் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தாய்மொழியின் மீதே பிறமொழியைக் கட்ட வேண்டும் என்பதை நாவலர் பிறேசருக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே உணர்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் பணமில்லை, மற்றவருக்குச் சங்கத்தின் பின்பலம் இருந்தது.

மற்றொன்றையும் சொல்லாது விடல் முறையன்று. பிறேசரின் கல்லூரி கட்டணங் கட்டக்கூடியோருக்கே திறந்திருந்தது. கலகெதரக் கமக்காரனின் பிள்ளையும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் அதன் வாயிலை அணுகுதல் அரிது. அவ்வாயில் அகன்றது கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரே.

1919, 1920ஆம் ஆண்டுகளில் இந்தியக் கிராமக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குப் பிறேசர் தலைமை தாங்கினார். கண்டியில் அவர் காலத்திலே, 1923இல், அத்திவாரமிடப்பட்ட கல்லூரித் தேவாலயம் ஐரோப்பியக் கோபுரமின்றி, இந்நாட்டு மரபிற் செதுக்கிய கற்றூண்களோடு எழுந்தது. மொழியிற் கொண்ட கொள்கையே கல்லிலும் வெளிப்பட்டது போலும். பின்னர் ஆபிரிக்காவின் பொற்கரை நாட்டிலே, இன்றைய கானாவிலே, அச்சிமோட்டாக் கல்லூரியின் முதலதிபரானார். அங்கும் ஆங்கிலத்தோடு அந்நாட்டு மொழிகளுக்கும் இடமளித்தார். குவாமே நிக்ருமா அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்று 1930இல் வெளியேறினார்; 1957இல் அந்நாடு சுதந்திரமடைந்தபொழுது அதன் தலைவராய் நின்றார்.

இலங்கையிலோ 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாயிற்று. ஒரே கூரையின் கீழ் பிறேசர் இணையாக வைத்த இரு மொழிகளில் ஒன்று வெளியே நிறுத்தப்பட்டது; பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். ஆங்கிலத்தையும் பாடசாலைகள் கைநழுவ விட்டன. 2001ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கிலமூலக் கல்வி படிப்படியாகத் திரும்பியபொழுது, தமிழில் ஒரு பந்தி எழுதத் தடுமாறும் பிள்ளையை ஆங்கிலமூல வகுப்பில் அமர்த்த முற்படும் பெற்றாரும் திரும்பினர். பிறேசர் 1904இல் எதிர்நோக்கிய அதே பிள்ளைதான்.

பிறேசர் 1962ஆம் ஆண்டு ஜனவரியிலே, எண்பத்தெட்டாம் வயதிற் காலமானார். அச்சிமோட்டாவில் அவரோடு கற்பித்த வார்ட் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1965இல் வெளிவந்தது. அந்நூலின் பெயரிலே திரித்துவம், அச்சிமோட்டா என்னும் இரு கல்லூரிகளின் பெயர்களும் அவர் பெயரோடு சேர்ந்தே நிற்கின்றன.