பழுப்புப் பல்லின் மர்மம்: 30 வருஷம் விடாமல் துரத்திய டாக்டர் மெக்கே

குடிநீரில் ஃப்ளோரைடு கலக்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் 80 வருஷமாக இந்தச் சண்டை ஓயவில்லை. 2025-ல் யூட்டா மாகாணம் கலக்கவே கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது?

1901-ல் ஃபிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கிளினிக் திறந்தார். வந்தவர்களில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. தேய்த்தாலும் போகாது. பன்றிக்கறி அதிகம் தின்பதால், பால் சரியில்லாததால் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

1909-ல் புகழ்பெற்ற பல் மருத்துவ நிபுணர் ஜி.வி. பிளாக் அவருடன் சேர்ந்தார். அங்கேயே பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குக் கறை இருந்தது. ஆனால், ஆச்சரியம்! கறை படிந்த பற்களில் சொத்தை குறைவு. 1915-ல் பிளாக் இறந்தார். மெக்கே தேடலை விடவில்லை.

1923-ல் ஐடஹோவின் ஓக்லி ஊருக்குப் போனார். வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வருகிறது என்றார்கள் பெற்றோர். தண்ணீரைச் சோதித்தும் காரணம் பிடிபடவில்லை. இருந்தாலும் ஊற்றை மாற்றச் சொன்னார். சில வருஷங்களில் புதிதாக முளைத்த பற்கள் வெள்ளையாகவே வந்தன.

1931-ல் அல்கோவா நிறுவன வேதியியலாளர் சர்ச்சில், அர்கன்சாஸின் பாக்சைட் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று கண்டுபிடித்தார். 30 வருஷக் கேள்விக்கு விடை கிடைத்தது. பிறகு டிரெண்ட்லி டீன் என்ற அரசு ஆய்வாளர் அளவைக் கணக்கிட்டார்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பெரிய கறை இல்லை. 1945 ஜனவரி 25-ல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் முதன்முதலாக ஃப்ளோரைடு கலந்தது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

மெக்கே 1959-ல் மறைந்தார். ஃப்ளோரைடு பற்பசை வந்தபின் தண்ணீரில் எதற்கு, என்னைக் கேட்காமல் எனக்கு மருந்தா என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். பற்பசைக்கே காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி என்ன என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். 2015-ல் அமெரிக்க அரசே பரிந்துரை அளவை 0.7 மில்லிகிராமாகக் குறைத்தது.

நம்ம ஊர்ப் பிரச்சினை நேர்மாறானது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இயற்கையாகவே அதிகம். அதனால்தான் அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மெக்கே ஓக்லியில் சொன்ன அதே வைத்தியம்தான்: தண்ணீரை மாற்று!