நிலக்கரி உண்மை, பங்கு விலை பொய்: நிஜாம் அரசை உலுக்கிய அப்துல் ஹக்

ஐதராபாத்: நிஜாம் ஆட்சியில் உயர் பதவிகளை வகித்து, சர்தார் திலேர் ஜங் என்ற பட்டத்துடன் வலம் வந்தவர் அப்துல் ஹக். ஒரு நிறுவனப் பங்கின் விலையே அவரது புகழுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பம்பாய் மாகாணக் காவல்துறையில் பணியாற்றிய அவர், முதலாம் சாலார் ஜங் காலத்தில் ஐதராபாத் அரசுப் பணிக்கு வந்தார். நிஜாமின் ரயில் பாதைக்கு லண்டனில் மூலதனம் திரட்டும் பேச்சுவார்த்தைகளில் முக்கியப் பங்காற்றியதால், அரசின் முழு நம்பிக்கையையும் பெற்றார். உள்துறைச் செயலாளர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

எல்லந்து பகுதியில் நிலக்கரிப் படிவம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1871-இல் கண்டறிந்திருந்தார். 1886-இல் சமஸ்தானத்தின் சுரங்க உரிமை வாட்சன், ஸ்டூவர்ட் ஆகிய இருவருக்கு வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு ஐதராபாத் தக்காண நிறுவனம் லண்டனில் தொடங்கப்பட்டது.

அதன் மூலதனம் தலா 10 பவுண்டு மதிப்புள்ள 1 லட்சம் பங்குகள். அவற்றுள் 85,000 பங்குகளை, முழுத் தொகையும் செலுத்தப்பட்டதாகக் கணக்கிட்டு, உரிமை பெற்றவர்களே எடுத்துக்கொண்டனர். அப்பங்குகளுக்காக நிறுவனத்தின் கைக்கு ரொக்கம் வரவில்லை.

இந்நிலையில், நிஜாம் அரசின் சார்பில் அப்துல் ஹக் ஒரு பங்கை 12 பவுண்டுக்கு வாங்கினார். அந்த விலைப்படி நிறுவனத்தின் மொத்த மதிப்பு 12 லட்சம் பவுண்டு. ஆனால் எல்லந்துவில் நிலக்கரி வெட்டும் பணி அப்போது தொடங்கவே இல்லை. சந்தையில் நிலவிய விலையைத் தவிர, அந்த மதிப்புக்கு வருவாய்க் கணக்கு எதுவும் ஆதாரமாக இல்லை. அதைவிடக் கடுமையான உண்மை பின்னர் வெளிவந்தது. உரிமையாளர்களின் பங்குகளில் அப்துல் ஹக்குக்கும் பங்கு இருந்தது. அரசுக்காக விலையை மதிப்பிட வேண்டியவரே விற்பவராகவும் இருந்தார்.

1888-இல் விவகாரம் வெடித்தது. அவர் பதவியை இழந்தார். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவை தனிக் குழு அமைத்து விசாரித்தது. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் கருவூலப் பணம் எவ்வாறு லண்டன் சந்தைக்குச் சென்றது என்பது உலகறிய அம்பலமானது.

அடுத்த ஆண்டே, 1889-இல், எல்லந்துவில் நிலக்கரி உற்பத்தி தொடங்கியது. 1920-இல் சிங்கரேணி காலரீஸ் நிறுவனம் உருவானது. 1945-இல் அதன் பங்குகளை நிஜாம் அரசு வாங்கியது. இன்று தெலங்கானா அரசு 51 சதவீதமும், மத்திய அரசு 49 சதவீதமும் வைத்துள்ள பொதுத்துறை நிறுவனம் அது.

மண்ணுக்கடியில் இருந்த வளம் உண்மையானது; தொழிலும் நிலைத்தது. எனினும், நல்ல தொழில் என்பதாலேயே அதன் பங்குக்குக் கேட்கப்படும் விலை நியாயமாகிவிடாது. மூலதனத்தில் ரொக்கம் எவ்வளவு, வருவாய் எவ்வளவு, விற்பவர் யார் என்ற மூன்று கேள்விகளை நிஜாம் அரசு முன்னரே எழுப்பியிருந்தால், அப்துல் ஹக்கின் வாழ்க்கை வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.